மூன்று இஞ்ச் மெத்தை

உலகக்காவுக்கு மெத்தை வாங்கப் போன அன்றைக்கு உலகக்காவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அப்படியா, அப்படியா என்று வாயைப் பிளக்கிறார்களே ஒழிய, இந்த ஒரு சங்கதியைக் கேட்டு யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு வந்தது. இன்னும் இறங்கவில்லை.

நான் ஜெபசெல்வி. பாளையங்கோட்டையில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறேன். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை வாசலோரம் போட்டிருப்பதால் எதிர்வீட்டு ஹாலில் ஈ பறந்தாலும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் கைலாசம் அண்ணாச்சி, அவர் மனைவி வடிவு, அண்ணாச்சியின் அக்கா உலகம்மாள் என்று மூன்று பேர். படுக்கையறை இரண்டு. ஒன்றில் அண்ணாச்சியும் வடிவும். இன்னொன்று அவர்கள் மகள் ஹரிணியின் அறை. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள், மற்ற நாளெல்லாம் அந்த அறையைச் சாத்தி வைத்து, உள்ளே உறை பிரிக்காத மெத்தை மேல் ஒரு கரடி பொம்மையைப் படுக்க வைத்திருப்பார்கள். கரடி பொம்மைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை. கல்யாணம் செய்துகொள்ளாமல், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கி, ஓய்வும் பெற்றுவிட்ட உலகக்காவுக்கு ஹாலில் மடக்குச் சோபா.

பகலில் சோபா, இழுத்து விரித்தால் கட்டில், அவ்வளவுதான் அந்தச் சாமான். ஆனால் அண்ணாச்சி டிவியில் விவாதம் பார்த்து முடித்து, கொட்டாவி விட்டு, எழுந்து போகிறவரைக்கும் அது சோபாவாகவே இருந்தாக வேண்டும். விடிந்த பிறகு வீட்டு முகப்பில் படுக்கை விரித்துக் கிடந்தால் மூதேவி வந்து உட்கார்ந்துகொள்வாள் என்பது வடிவின் கட்சி, ஆகையால் பால்காரர் மணி அடிப்பதற்குள் அது மறுபடி சோபாவாகிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் உலகக்காவின் இரவு. அதிலும், பழைய ஸ்பாஞ்சு அமுங்கி அப்பளமாகிவிட்டதால் மடிப்பில் ஓடுகிற இரும்புக் கம்பி அவள் இடுப்பைக் குத்திக்கொண்டே இருக்கும். பகலில் சாயவேண்டும் போலிருந்தால் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கிறவள் அல்ல. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கம்பி குத்தாம ஒரு மெத்த கெடச்சா போதும்ப்பா" என்று கேட்டாள். ஆயுசில் கேட்டது அது ஒன்றுதான்.

மெத்தைக் கடைக்கு அண்ணாச்சியும் வடிவும் போனார்கள். சோபா உறைக்குத் துணி பொருத்தம் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டார்கள். உலகக்கா கேஸ் சிலிண்டர் வரும் என்று வீட்டில் இருந்தாள். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். லேட்டக்ஸ்தான் வாங்கவேண்டும் என்று ஒரே பிடி.

"இது ரப்பர் மரத்துப் பாலுங்க. பஞ்சு மாதிரி அமுங்கிப் போகாது. ஏறுன பாரத்தத் தனக்குள்ள வச்சிக்கிடாது, அப்படியே திருப்பிக் குடுத்துரும். அதாக்கும் இதுக்கு விசேஷம்" என்றார்.

ஆறு இஞ்ச் போட்டால் முதுகுக்குச் சுகம், ஆனால் மடக்குச் சோபா மடியாது. நாலு இஞ்ச் போட்டால் மல்லுக்கட்டித்தான் மடிக்கவேண்டும், மடித்தாலும் சோபா கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்று இஞ்ச் என்றால் அழகாக மடியும்.

"மூணு இஞ்சுன்னா கம்பி குத்தாதா?" என்று நான் கேட்டேன்.

"அது படுக்கிறவங்க உடம்பப் பொறுத்தது. படுத்துப் பாருங்களேன்" என்றார் கடைக்காரர்.

வடிவு என் கையைக் கிள்ளினாள். "கடையில, இத்தன ஆம்பளைங்க நிக்கிற எடத்துல பொம்பள போய்ப் படுப்பாளாட்டி? அசிங்கம்லா" என்றாள். அண்ணாச்சிக்கும் கூச்சம். அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார், லேசாகக் குதித்தார், வடிவையும் உட்காரச் சொன்னார், அவளும் உட்கார்ந்து, இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பது போல விரலால் அமுக்கினாள். பிறகு கடைக்காரர் செருப்பைக் கழற்றாமலே காலை வெளியே தொங்கவிட்டு மூன்று இஞ்ச் மெத்தையில் படுத்து, "எவ்வளவு சொகமா இருக்கு பாத்தீங்களா" என்று சிரித்தார். அவர் படுத்ததைப் பார்த்துத்தான் உலகக்காவுக்கு மெத்தை வாங்கினோம். படுக்கிறதற்கு வாங்குகிற பொருளை உட்கார்ந்து பார்த்து வாங்குகிற ஊர் எங்கள் ஊர். அதையும் படுக்கப்போகிறவள் இல்லாமல் வாங்கியவர்கள் நாங்கள்.

மெத்தை வந்தது. மடித்தால் சோபா கடையில் வைத்திருப்பது போலவே இருந்தது, வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பி இருந்த இடத்தில் இருந்தது. முன்னால் நேராகக் குத்தியது, இப்போது ரப்பருக்கு அடியிலிருந்து குத்தியது. போதாததற்கு லேட்டக்ஸ் செம கனம், ஒவ்வொரு விடியலிலும் உலகக்கா அதைத் தூக்கி மடக்குவதற்குள் மூச்சு வாங்கி நிற்பாள். எப்படி இருக்கு மதினி என்று வடிவு கேட்டதற்கு, "நல்லாருக்கு" என்றாள்.

அதற்குப் பிந்திய ஒரு வாரத்தில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பொன்னையா சார் அந்தச் சோபாவில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற நாள் முதலாகத் தூக்கம் வராமல், ஊரில் இருக்கிற மாத்திரை எல்லாம் விழுங்கிப் பார்த்தவர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் விஷயமாகச் சண்டை போடத்தான் வந்தார். மோட்டார் என்று ஆரம்பித்தவர், ரிப்பேர் என்று சொல்லவில்லை. தலை அப்படியே சாய்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவின பிள்ளை மாதிரித் தெளிந்து, சண்டையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் சண்டை இல்லாமலே வந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர் மனைவி வந்தாள். பிறகு மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வந்தார், கேபிள்காரர் வந்தார், இரவுப் பணி முடித்த பஸ் கண்டக்டர் தோல்பையோடு வந்தார், பச்சைப் பிள்ளைக்காரிகள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள், வந்த எல்லாரும் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கினார்கள், தூங்கி எழுந்தவர்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், படிக்கட்டில் செருப்பு கீழ்த்தளம் வரைக்கும் நின்றது. எங்கள் குடியிருப்பு இதற்கெல்லாம் அசரவில்லை. தெருக் குழாயில் புதிதாகத் தண்ணீர் வந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தோம், வரிசை போட்டோம், வரிசையில் புகுந்தவர்களைத் திட்டினோம், நேற்றைவிட இன்றைக்குத் தூக்கம் கொஞ்சம் கலங்கலாக வருகிறதே என்று குறை சொன்னோம். வடிவு சோபா உறையைத் தினமும் மாற்றி ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். அண்ணாச்சி யாரிடமும் காசு வாங்கவில்லை, பேர் வாங்கினார், சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்றார்.

தூங்கி எழுகிறவர்களுக்குக் காபி போட்டுக்கொடுத்தது உலகக்கா.

எல்லாருக்கும் வந்தது ஒரே கனவு. ஒரு சின்ன அறை. கூரையில் மங்கலாக நட்சத்திரங்கள். யாரோ உள்ளே போகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிறார்கள். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கனவு, அதற்குப் பிறகு தூக்கம் மட்டும்தான். பொன்னையா சார் அது சொர்க்கம் என்றார். பல் டாக்டர், தாயின் வயிற்றில் இருந்த ஞாபகம் என்று விளக்கினார். கண்டக்டர், தான் கட்டப்போகிற வீடு என்று நம்பிக் கொத்தனாரிடமே பேசிவிட்டார். யாருடைய கனவு அது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன், ஏனென்றால் உலகக்காவின் முகம் என் கண்ணெதிரே இருந்தது. கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, பால் பொங்கி வழிவது தெரியாமல் அடுப்பு முன்னால் நிற்பாள். ஒருநாள் கையைப் பிடித்து என் வீட்டுக்குள் இழுத்து வந்து உட்காரவைத்து என்னக்கா என்றேன்.

"என்னன்னு சொல்ல செல்வி? படுத்த ஒடனே தூக்கம் வருது. வந்து, அப்படியே முதுகு வழியா கீழ எறங்கிப் போயிருது. கண்ணு மட்டும் முழிச்சிக்கிட்டே கெடக்கு" என்றாள்.

கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறினதைத் திருப்பிக் கொடுக்கும் என்றார், யாருக்குத் திருப்பிக் கொடுக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. தம்பி டிவி பார்த்த நேரத்தில் தூங்கியிருக்க வேண்டிய தூக்கம், பால்காரருக்கு முந்தி எழுந்ததால் அறுந்த தூக்கம், பகல் ஸ்டூலில் சுவரோடு போன தூக்கம், எல்லாம் அந்த மூன்று இஞ்சுக்குள் இறங்கி, விடிந்த பிறகு வந்தவன் போனவனுக்கெல்லாம் வாரி வழங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்பு முழுக்க அவள் தூக்கத்தைத் தூங்கிவிட்டு, எழுந்து, அவளிடமே காபி கேட்டது. சர்க்கரை கம்மியாக.

நான் வடிவிடம் சொன்னேன், அண்ணாச்சியிடம் சொன்னேன், பொன்னையா சாரிடமும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்படியா, இருக்கலாம், என்றார்கள்.

இருக்கலாம் என்பது ஐப்பசியில் உறுதியாகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு உலகக்கா போனாள். மண்டபத்தில் பெண்களோடு பெண்களாகச் சமுக்காளத்தில் படுத்து, நாதஸ்வரம் முழங்கின பிறகும் எழுந்திருக்காமல் தூங்கியிருக்கிறாள். இங்கே சோபா வற்றிவிட்டது. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசை கலைந்து, சண்டையாகி, அண்ணாச்சியின் சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று, நான்தான் தைத்துக் கொடுத்தேன். உலகக்கா கொஞ்சம் முகம் தெளிந்து திரும்பி வந்து, பழையபடி நான்கு நாள் அந்தச் சோபாவில் கிடந்து கெட்ட பிறகுதான் ஊற்று மறுபடி சுரந்தது.

உடனே மொட்டைமாடியில் சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்து பொன்னையா சார் உலகக்காவைப் பார்க்க வந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதையும் சொல்லவேண்டும்.

"அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. வெளியூர் போறதக் கொஞ்சம் கொறச்சிக்கிடுங்க. ராத்திரியும் சீக்கிரம் படுத்துர வேண்டாம். நீங்க நல்லாத் தூங்கிட்டா எங்களுக்குப் பத்த மாட்டேங்குது. இத்தன குடும்பம் ஒங்கள நம்பி இருக்குல்லா."

உலகக்கா, "சரி" என்றாள்.

பல் டாக்டர் ஒரு யோசனை சொன்னார், இரவில் காபி குடித்தால் இன்னும் நல்லது என்று. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு உலகக்காவுக்குக் காபித்தூள் வந்தது. புத்தாண்டுக்கு இனிப்பு கொடுப்பது போல, சிரித்த முகத்தோடு, அரைத்த வாசனை போகாத காபித்தூள். ஒரு மனுஷி தூங்கிவிடக் கூடாது என்று ஒரு குடியிருப்பே கூடி அன்பளிப்பு கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்கும் வந்து, "நீங்க ஒண்ணும் குடுக்கலியா டெய்லரக்கா?" என்று கேட்டார்கள். கதவை அவர்கள் முகத்துக்கு நேரே சாத்தினேன். அண்ணாச்சி விவாதம் முடிந்த பிறகு பழைய கிரிக்கெட் மேட்ச்சும் பார்க்கத் தொடங்கினார். ஊருக்காகப் பார்க்கிறாராம்.

மார்கழி முழுக்க இப்படியே போயிற்று. உலகக்கா நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். ஒருநாள் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் போனால் இவள் செத்துப்போவாள் என்று நினைத்தேன், அப்படியே வடிவிடம் சொல்லவும் செய்தேன். "ஒனக்கு எப்பவும் அபசகுனமான பேச்சுதான்" என்றாள்.

தீபாவளிக்கு லீவு கிடைக்காத ஹரிணி பொங்கலுக்கு வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த அலுப்பு, பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் படிக்கட்டெல்லாம் செருப்பு, ஹாலில் முன்பின் தெரியாத மூன்று பேர் வாயைத் திறந்து தூங்குகிறார்கள், வரிசையில் நிற்கிறவர்கள் அவளைப் பின்னால் போகச் சொல்கிறார்கள். வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் இடம் விட்டார்கள். என்னம்மா இது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தவள் அடுத்த வார்த்தை பேசவில்லை.

எழுந்தபோது அவள் முகம் மற்றவர்கள் முகம் மாதிரித் தெளிந்திருக்கவில்லை. 

"அம்மா, அது என் ரூம்லா" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் வாசலுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த நட்சத்திரம் நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒட்டுன ஸ்டிக்கர்ம்மா. லைட்ட அணச்சா மினுங்கும். நம்ம அத்ததான் அந்த ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பா போட்டுக்கிடுதாங்க. இத்தன பேரு தெனம் பாக்குறது அதத்தான். ஒங்களுக்குத் தெரியலயா?"

மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அந்த அறைக்குள் யாரும் போனதில்லை. எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள்.

"தெரியாம என்ன?" என்றாள் வடிவு. "பொன்னையா சார் மொத நாளே நட்சத்திரம்னு சொன்னாவ, அன்னைக்கே தெரியும். ஒங்கப்பாவுக்கும் தெரியும். அதுக்கு என்னட்டி செய்ய? அந்த ரூமக் குடுத்துட்டா நீ வந்தா எங்க படுப்ப?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ வாரேன்ம்மா."

"ரெண்டு தடவன்னாலும் பெத்த பிள்ள நீ" என்றார் அண்ணாச்சி. "அக்காவுக்கு என்ன கொற இங்க? ஊருக்கே பிரயோசனமா இருக்கா."

 கத்தரிக்கோலை மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன், எதையாவது எடுத்து எறிந்துவிடுவோமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அப்போதுதான் உலகக்கா அடுப்படியிலிருந்து வந்தாள், தட்டில் காபித் தம்ளர்களோடு. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். யார் பக்கமும் பார்க்காமல் தட்டை டிவி முன்னால் வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹரிணி, அந்தக் கரடிய எடுத்துக்கிடுதியா, கண்ணு?" என்றாள்.

ஹரிணி ஓடிப்போய்க் கரடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உலகக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

டக்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அது அவர்களுக்கெல்லாம் பழகின சத்தம்.

பொங்கல் முழுக்க உலகக்கா தூங்கினாள். பானை பொங்கி வடிவு குலவை போட்டபோதும் எழவில்லை. மறுநாள், கரிநாள் அன்று, வெளியே வந்து குளித்து, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டு, என்னைப் பார்த்து, "செல்வி, மெலிஞ்சு போயிட்டியே" என்று சொல்லிவிட்டு, மறுபடி போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். சோபா வெறும் சோபாவாகிவிட்டது. பொன்னையா சார் அறைக் கதவைத் தட்ட வந்தார். சங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டும், ஒரு பொறுப்பு வேண்டாமா, இப்படியா சுயநலமாக இருப்பது என்றார். நான் கத்தரிக்கோலோடு கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டின கை தையலுக்குப் போகும் என்றேன். போய்விட்டார். கொடுத்த காபித்தூளைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹரிணி இருந்த நாட்களில் அவள் அம்மாவோடு அண்ணாச்சியின் அறையில் படுத்துக்கொண்டாள். அதனால் அண்ணாச்சிக்கு மடக்குச் சோபா. முதல் நாள் இரவு படுத்தார். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சே, என்ன மெத்த இது? மனுஷன் படுப்பானா இதுல? கம்பி உயிர எடுக்கு" என்று மாடி மாடியாகக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் ஐயோ என்றார்கள். பல் டாக்டர் இறங்கி வந்து இடுப்பை அமுக்கிப் பார்த்தார்.

கடை திறக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி அங்கே இருந்தார். துணைக்கு நானும் போனேன், இந்த ஒன்றைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காகவே போனேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், மெத்தையில் ஏறி மல்லாந்து படுத்தார், இடதுபக்கம் புரண்டார், வலதுபக்கம் புரண்டார், கண்ணை மூடி, கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், கால்மணி நேரம் கிடந்து பார்த்தார். ஆறு இஞ்ச் வாங்கினார்.

"மடக்க முடியாதே சார்" என்று கடைக்காரர் சொன்னார்.

"எதுக்கு மடக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

ஹரிணி பெங்களூருக்குப் போய்விட்டாள். உலகக்கா இன்னும் ஹரிணி அறையில்தான் தாழ் போட்டுப் படுக்கிறாள். அண்ணாச்சிக்கு அந்த மெத்தை பழகிவிட்டது, அதிலேயே படுக்கிறார். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே பார்க்கிறேன், பால்காரர் வந்து போகிறார், வெயில் ஹாலுக்குள் வந்து சோபா மேல் விழுகிறது, மத்தியானமாகிறது, சாயங்காலமாகிறது, அது விரித்தபடியே கிடக்கிறது. மூதேவியைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை யாரும் பேசவில்லை.